ஒன்றுகூடலுக்கு அப்பாலும் பூங்கா இருக்கிறது: ரொறன்ரோவின் ஊர்ச்சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் இயங்கும் ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், முதியோர் சங்கங்கள் ஆகியவற்றின் நிர்வாகசபையினருக்கு,

வணக்கம்.

ஆடி, ஆவணி மாதத்துச் சனி ஞாயிறுகளில் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் உங்களில் ஒரு சங்கத்தின் பதாகை கட்டியிருக்கும். மோர்னிங்சைட், நீல்சன், மில்லிக்கன், தொம்சன் என்று பூங்காவின் பெயர் மாறுமே தவிர நிகழ்ச்சி நிரல் அவ்வளவாக மாறாது. காலையில் சாக்கோட்டமும் தேசிக்காய் ஓட்டமும், மத்தியானம் கொத்துரொட்டி, பின்னேரம் ஒடியற்கூழ், எல்லாம் முடியும்போது கயிறிழுத்தல். 25 பேருக்கு மேல் கூடுவதென்றால் மாநகரசபையிடம் பேர்மிட் எடுக்க வேண்டும். அதற்காகப் பனி கொட்டும் நாளிலேயே விண்ணப்பம் போட்டு இடம்பிடிக்கும் செயலாளர்மாரின் உழைப்பை நான் அறிவேன். குடும்பம் குடும்பமாக, நான்கு தலைமுறையும் ஒரே மரநிழலில் இருக்கிற அந்த நாளை விடப் பெரிய சொத்து எங்களுடைய சமூகத்துக்கு இங்கே இல்லை.

ஆனால் அந்தப் பூங்காக்களின் தலைவிதி எழுதப்படும் இடங்களில் நாங்கள் இல்லை. எந்த ஆற்றங்கரையைப் பாதுகாப்பது, எந்தப் பாதையை மூடுவது, எங்கே பேருந்து விடுவது, பலகையில் எந்த மொழியில் எழுதுவது என்றெல்லாம் முடிவாகும் கூட்டங்களில் தமிழ்ப் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதை மாற்றுவதற்குச் சில வருடங்களாக முயன்று வருபவர்கள் உங்களுடைய பிள்ளைகள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

யார் இவர்கள் என்று கேட்பீர்கள். பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் படிப்பவர்கள், பகுதிநேரமாகக் கடைகளில் வேலை செய்பவர்கள், சிலர் இன்னும் உயர்பள்ளி முடிக்காதவர்கள். சனிக்கிழமை காலையில் ஸ்காபரோவின் கிழக்கோரத்து ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் களை பிடுங்குகிறார்கள், மரம் நடுகிறார்கள், பறவை கணக்கெடுக்கிறார்கள், புதிதாகக் கனடாவுக்கு வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு காட்டுத் தடங்களில் நடக்கிறார்கள். அந்த நடைகளில் சிலவற்றுக்குத் துணையாகப் போய்வருகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்தாலும் இடி. வீட்டில், “காட்டுக்குள்ள உனக்கென்ன வேலை? சோதினை வருகுது, படி” என்ற கதை. கூடவே உண்ணிக்கடி, நரி, தனியாகப் போகும் பெண்பிள்ளை என்று அம்மாமாருக்கு ஆயிரம் பயம். வெளியில் வேறு மாதிரி. பறவை பார்க்கும் குழுவொன்றில் சேர்ந்தால் அங்கே மண்ணிறத் தோல் இவர்களுடையது மட்டுமாக இருக்கும். யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் “உண்மையில் நீ எந்த ஊர்?” என்ற கேள்வி எப்படியும் வரும். எங்களோடு நடக்கும் ஒரு மாணவி, இங்கேயே வளர்ந்தவள், தொலைநோக்கியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாதையோரம் நின்றபோது, வழிதவறிவிட்டாளா என்று இரண்டு பேர் விசாரித்திருக்கிறார்கள். அக்கறையோடுதான் கேட்டார்கள். ஆனாலும் அவள் அன்றைக்குப் பிறகு நெடுநாள் வரவில்லை.

இது சின்ன விடயமென்று தள்ளிவிடாதீர்கள். 2007இல் ஒன்ராறியோவின் ஏரிக்கரைகளில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஆசிய வம்சாவளியினர் தாக்கப்பட்டார்கள், தண்ணீருக்குள் தள்ளப்பட்டார்கள். ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு அதற்கென்று தனி விசாரணையே நடத்த வேண்டி வந்தது. 2020 மே மாதம் நியூயோர்க்கின் சென்ட்ரல் பூங்காவில், நாயைக் கட்டச் சொன்ன ஒரே காரணத்துக்காகக் கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பினப் பறவை ஆர்வலர் மீது ஒரு பெண் பொலிசை அழைத்தார். அடுத்த சில நாட்களிலேயே கறுப்பின இளம் விஞ்ஞானிகள் சேர்ந்து கறுப்பினப் பறவை ஆர்வலர் வாரத்தைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் மாயா ரோஸ் கிரெய்க் என்ற, தாய்வழியில் வங்கதேசப் பின்னணி கொண்ட சிறுமி 2015இல், பதின்மூன்று வயதில், வெள்ளையரல்லாத நகரத்துப் பிள்ளைகளுக்கென்று இயற்கை முகாம் நடத்தத் தொடங்கினாள். எங்களுடைய ரொறன்ரோவிலேயே டெமீஷா டென்னிஸ் தொடங்கிய ‘பிறவுண் கேர்ள் அவுட்டோர் வேர்ல்ட்’ கறுப்பின, மண்ணிறப் பெண்களைத் தூண்டில் பிடிக்கவும் முகாமடிக்கவும் மலையேறவும் கூட்டிப் போகிறது. இவர்களுக்குப் பின்னால் ஒரு சமூகம் நின்றது. எங்களுடைய பிள்ளைகளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?

ரூஜ் பூங்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களில் பலருடைய வீட்டிலிருந்து பத்து, பதினைந்து நிமிடத்துக் கார் ஓட்டம். ஆனாலும் மிருகக்காட்சிசாலைக்குப் போகிற வழி என்ற அளவில்தான் அதைத் தெரிந்து வைத்திருக்கிறோம்.

2015இல் சட்டமான ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காதான் கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா. ஒன்ராறியோ ஏரிக்கரையிலிருந்து வடக்கே ஓக் றிட்ஜஸ் மேட்டுநிலம் வரை 79.1 சதுர கிலோமீற்றர். நுழைவுக் கட்டணம் இல்லை. 1,700க்கும் மேற்பட்ட செடிகொடிகளும் உயிரினங்களும் அங்கே பதிவாகியிருக்கின்றன. ரொறன்ரோ நகருக்குள் கூடாரமடித்துத் தங்கக்கூடிய ஒரே முகாமிடமான கிளென் ரூஜ், கிங்ஸ்டன் வீதியை ஒட்டியே இருக்கிறது. மஞ்சள் தொண்டை கொண்ட பிளான்டிங்ஸ் ஆமை அங்கே அற்றுப்போகும் நிலைக்கு வந்திருந்தது. மிருகக்காட்சிசாலை அந்த ஆமைக் குஞ்சுகளை வளர்த்து 2014 முதல் அந்த ஈரநிலத்தில் விட்டு வருகிறது. எண்பது வயது வரை வாழக்கூடிய பிராணி. இன்றைக்கு விடும் குஞ்சு எங்களுடைய பேரப்பிள்ளைகளின் காலத்திலும் அந்தச் சேற்றில் கிடக்கும்.

இந்தப் பள்ளத்தாக்கை அரசாங்கம் தானாக விரும்பிப் பூங்காவாக்கவில்லை. 1967 முதல் 1983 வரை பியர் வீதியில் நகரத்தின் குப்பையைக் கொட்டினார்கள். இன்றைக்கு அந்தக் குப்பை மேட்டின் மேல்தான் புல் முளைத்திருக்கிறது. வீட்டுத் திட்டங்கள், நெடுஞ்சாலைத் திட்டங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. லொயிஸ் ஜேம்ஸ் என்ற ஸ்காபரோப் பெண்மணியும் அயலவர்களும் 1975இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, பத்துப் பதினைந்து வருடமாக மாநகரசபைப் படிகளில் ஏறி இறங்கித்தான் அந்த நிலத்தைக் காப்பாற்றினார்கள். அவர்களும் உங்களைப் போல் கூட்டம் கூட்டி, அறிக்கை வாசித்து, சந்தா சேர்த்தவர்கள்தான்.

இங்கே ஒரு விடயத்தை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். மயிலிட்டி, பலாலி, வசாவிளான், காங்கேசன்துறைச் சங்கங்களில் இருப்பவர்கள் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

1972இல் கனடிய மத்திய அரசு, விமான நிலையம் கட்டுவதற்கென்று பிக்கரிங், மார்க்கம் பகுதிகளில் 18,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைச் சுவீகரித்தது. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தையும் வீட்டையும் விட்டு விவசாயக் குடும்பங்கள் வெளியேறின. எஞ்சியவர்கள் தங்களுடைய சொந்த வீட்டிலேயே அரசாங்கத்துக்கு வாடகை கட்டி இருந்தார்கள். போராட்டம் எழுந்தது. 1975இல் வேலை நின்றது. ஆனால் நிலம் திரும்பவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாக விமான நிலையமும் வரவில்லை. 2025 ஜனவரி 27ஆம் திகதிதான், அங்கே விமான நிலையம் இனி இல்லை, அந்த நிலத்தை ரூஜ் பூங்காவோடு சேர்க்கும் நோக்கத்தோடு, தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடாவிடம் கையளிக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்தது. அறிவித்தவர் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த், தந்தை வழியில் தமிழ்நாட்டுப் பின்னணி கொண்டவர்.

விமான நிலையத்துக்கும் பாதுகாப்பு வலயத்துக்கும் என்று வேலி அடைக்கப்பட்ட நிலம் என்றால் என்ன என்பதை 1990இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முகாமில் பிறந்த பிள்ளை தன்னுடைய பிள்ளையோடு அந்த வேலிக்கு வெளியே நிற்கும் காலம் வந்துவிட்டது. நிலத்தின் ஒரு பகுதி இன்னும் விடுபடவில்லை. இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றில் நட்டஈடு கிடைத்தது, மற்றதில் குண்டு விழுந்தது. அந்தப் பிக்கரிங் விவசாயிகளுக்கு முன்னரே அந்த மண் முதற்குடிகளிடமிருந்து போயிருந்தது என்பதையும் மறக்க முடியாது. 17ஆம் நூற்றாண்டில் செனக்கா மக்களின் ஊர் இருந்த பீட் ஹில் இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. பூங்கா நிர்வாகம் இன்று முதற்குடிகளின் ஆலோசனை வட்டம் ஒன்றோடு கலந்து பேசித்தான் முடிவெடுக்கிறது. நிலம் பறிபோவதையும் மீளுவதையும் பற்றி இந்த நகரத்தில் அனுபவத்தோடு பேசக்கூடிய சமூகங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்தப் பிக்கரிங் நிலத்தை எப்படிப் பூங்காவோடு சேர்ப்பது, விவசாயத்துக்கு எவ்வளவு, காட்டுக்கு எவ்வளவு, மக்கள் போய்வர எவ்வளவு என்ற பேச்சு நடக்கும்போது நாங்கள் வெளியே நிற்கலாமா?

2022 கடைசியில் மாகாண அரசு, பூங்காவை ஒட்டிய டஃபின்ஸ் ரூஜ் விவசாயக் காப்பு நிலத்தைக் கட்டட நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டபோது, அதனால் ரூஜ் பூங்காவுக்குத் திருத்த முடியாத சேதம் வரக்கூடும் என்று பார்க்ஸ் கனடாவே எச்சரித்தது. பொதுமக்களின் எதிர்ப்பில் அடுத்த வருடம் முடிவு தலைகீழானது. அந்த மாதங்களில் எங்களுடைய பிள்ளைகள் சிலர் பதாகையோடு வீதியில் நின்றார்கள். சங்கங்களிடமிருந்து ஓர் அறிக்கை வரும் என்று நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை. 2015 முதல் அந்தப் பூங்காவின் பெயரைத் தாங்கிய தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர் எங்களவரான கரி ஆனந்தசங்கரி. வாக்குப் பலம் எங்களிடம் இருக்கிறதென்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பலத்தை ஓர் ஆற்றுக்காகவும் பயன்படுத்தலாம்.

ஊருக்கென்று வரும்போது உங்களுடைய கை எவ்வளவு தாராளம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பனங்கொட்டை நடுகைக்கு, குளம் தூர்வார, பள்ளிக்கூட வளவில் மரம் வைக்க என்று இங்கிருந்து காசு போகிறது. ஊர்க் குளத்தில் ஒருவன் மண் கொட்டினால் அன்றிரவே வாட்ஸப் குழு கொதிக்கிறது. அந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும். அதில் கொஞ்சம் ஸ்காபரோவின் ஹைலண்ட் ஓடைக்கும் ரூஜ் ஆற்றுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். உங்களுடைய பிள்ளை நீந்தப் பழகுவதும் தூண்டில் போடுவதும் காதலைச் சொல்லப் போவதும் அந்தக் கரைகளில்தான்.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, உங்களுடைய ஒன்றுகூடலில் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். கொத்துரொட்டிக்கு முன்னர், வெயில் ஏறுவதற்குள், விரும்பியவர்கள் மட்டும் பூங்காவின் ஓடைக்கரையோரம் ஒரு நடை. வழிகாட்டுவது இளையோர். தமிழில் பேச அவர்களுக்குத் தடுமாற்றம் இருக்கும், இருக்கட்டும். பெரியவர்கள் சொல் எடுத்துக் கொடுப்பார்கள். அதற்கொரு சிறு கொடுப்பனவும் கொடுங்கள். ஒலிபெருக்கிக்கும் கூடாரத்துக்கும் வாடகை கொடுக்கிறோம், அறிவுக்கும் கொடுக்கலாம்.

முதியோர் சங்கங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். நயாகராவுக்கும் ஆயிரம் தீவுக்கும் மிட்லண்ட் திருத்தலத்துக்கும் பஸ் பிடித்துப் போகிறீர்கள். வருடத்தில் ஒரு தடவை அந்த பஸ் ரூஜுக்குப் போகட்டும். கார் இல்லாதவர்களுக்கு அந்தப் பூங்கா உண்மையிலேயே தூரம். 2023 ஆடியில் ஸ்காபரோ றெயில் பெட்டி தடம்புரண்ட பிறகு அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள். இரண்டு பேருந்து மாறி, ஞாயிற்றுக்கிழமை அட்டவணைக்குக் காத்திருந்து, முழங்கால் வலியோடு யார் போவார்கள்? ‘பார்க்பஸ்’ என்ற அமைப்பு ரூஜுக்கு விடும் பேருந்துகூட நகர மையத்திலிருந்துதான் புறப்படுகிறது. பூங்காவின் அயலில் இருக்கும் எங்களுடைய முதியவர்கள் மையத்துக்குப் போய்த் திரும்பி வரவேண்டும்! ஸ்காபரோவிலிருந்தும் ஒரு பேருந்து விடுங்கள் என்று இளையோர் எழுதிக் கேட்கிறார்கள். அந்தக் கடிதத்தில் முப்பது சங்கங்களின் கையெழுத்தும் இருந்தால் அதன் கனமே வேறு.

எந்தத் தடத்தில் ஏற்றம் குறைவு, எங்கே இருக்க வாங்கு இருக்கிறது, கழிப்பறை எத்தனை நிமிட நடையில், சக்கர நாற்காலி எதுவரை போகும் என்று பிள்ளைகள் நடந்து நடந்து பார்த்துத் தமிழில் குறிப்பெழுதி வைத்திருக்கிறார்கள். பூங்காவின் பலகைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசும்போது, ஓர் அம்மம்மாவின் முழங்காலை மனதில் வைத்து எழுதப்பட்ட குறிப்பு அது. உங்களுடைய ஆண்டு மலரில் வாழ்த்துச் செய்திகளுக்கு நடுவே இரண்டு பக்கம் அதற்குக் கொடுங்கள்.

அப்படியொரு முதியோர் நடையில் கண்டதைச் சொல்கிறேன். கிளென் ரூஜுக்குப் பக்கத்தில், ஆற்றின் மேல் சாய்ந்த கொப்பில் ஒரு பறவை. வழிகாட்டிய இளைஞன் தொலைநோக்கியைச் சரிசெய்து அதன் ஆங்கிலப் பெயரைச் சொல்ல வாயெடுக்குமுன்னமே, பின்னால் கைத்தடியோடு நின்ற ஓர் அம்மா “மீன்கொத்தியெல்லே அது” என்றார். எங்களூர் மீன்கொத்தியை விடப் பெரிசு, நிறமும் மங்கல், கொண்டை சிலும்பியிருக்கிறது, ஆனால் இருக்கிற இருப்பு அதேதான் என்று அவரே விளக்கினார். பிறகு யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றில் மாரி வெள்ளம் வரும்போது வயற்கரையில் எந்தப் பறவை முதலில் வரும், எது கடைசியில் போகும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். வயல் ஓரத்தில் குப்பைக்கீரையைப் போன்ற ஒரு கீரையையும் கண்டுபிடித்துக் குனிந்தார். இங்கே பிடுங்கக் கூடாது, இது தேசியப் பூங்கா என்று அந்த இளைஞன் பணிவாகச் சொன்னான். ஏன் என்று அவர் கேட்க, அவன் விளக்க, எடுத்தால் எவ்வளவு எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டுமென்று ஊரில் தாய் சொல்லிக் கொடுத்த கணக்கை அவர் திருப்பிச் சொல்ல, நடை அங்கேயே நின்றுவிட்டது. அவன் பல்கலைக்கழகத்தில் சூழலியல் படிப்பவன். கைபேசியை எடுத்து அவர் சொன்னதெல்லாவற்றையும் பதிவு செய்தான். அன்றைக்கு யார் யாருக்கு வழிகாட்டினார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது மாணவர்களின் தொண்டு மணித்தியாலங்கள். ஒன்ராறியோவில் உயர்பள்ளிச் சான்றிதழுக்கு 40 மணித்தியாலச் சமூக சேவை கட்டாயம். எங்களுடைய பிள்ளைகள் அதைக் கோயிலிலும் சங்க விழாக்களில் கதிரை அடுக்கியும் முடிக்கிறார்கள். நல்லது. அதில் பத்து மணித்தியாலமாவது மரநடுகையிலும் களையெடுப்பிலும் போகட்டும். ‘ரூஜ் நீரேந்துபகுதி நண்பர்கள்’ அமைப்பு பள்ளிகளையும் குடும்பங்களையும் சேர்த்து மரம் நடுகிறது. சங்கத்தின் பெயரில் ஒரு நாள் கேட்டு வாங்குவது கடினமில்லை. நாயை நெரிக்கும் கொடி என்று ஒன்று அங்கே படர்ந்து மற்றச் செடிகளை அமுக்குகிறது. அதன் வேரைத் தோண்டி எடுக்கத் தோட்டம் செய்த கை வேண்டும். மிளகாய்த் தோட்டமும் வெங்காயத் தோட்டமும் செய்த எங்களுடைய அப்பாமாருக்கு மண்வெட்டி பிடிக்கச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

குப்பையைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒன்றுகூடல் முடிந்த பின்னேரங்களில் மரத்தடியில் கொட்டிய தணலை நான் கண்டிருக்கிறேன். வேரோடு பட்டை கருகி, அடுத்த வசந்தத்தில் அந்தப் பக்கத்துக் கொப்பில் இலை வரவில்லை. தணல் போடுவதற்குப் பூங்காக்களில் தனித் தொட்டி வைத்திருக்கிறார்கள். அது எங்கே என்று காலையிலேயே ஒலிவாங்கியில் ஒருவர் சொன்னால் போதும். மற்றச் சமூகங்களும் குப்பை போடுகின்றன என்பது உண்மைதான். எங்களுடைய ஆட்களைப் பற்றி வரும் முறைப்பாட்டுக்கு பூங்காப் பாதுகாப்புக் கூட்டங்களில் முகங்கொடுப்பது யார்? அங்கே தனியாக உட்கார்ந்திருக்கும் எங்களுடைய இருபது வயதுப் பிள்ளை. அதை நினைத்தாவது செய்யுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடைசி. ரூஜ் பூங்காவின் முகாமைத்துவத் திட்டம் 2019இல் வந்தது. பத்து வருடத்துக்கொரு தடவை அதை மீளாய்வு செய்ய வேண்டுமென்பது சட்டம். அப்படியென்றால் 2029க்குள் அந்த மீளாய்வு நடக்க வேண்டும். அதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்பார்கள், கூட்டம் வைப்பார்கள், இணையத்தில் படிவம் போடுவார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் ஓர் இளையவரும் ஒரு முதியவரும் சோடியாகப் போக வேண்டும் என்பது என்னுடைய ஆசை. நிழற்கூடாரம் வேண்டும், பெரிய குடும்பம் ஒன்றாக இருந்து சாப்பிட மேசை வேண்டும், தமிழிலும் வழிகாட்டிகள் வேண்டும், ஸ்காபரோவிலிருந்து பேருந்து வேண்டும் என்று கேட்பதில் வெட்கமில்லை. எந்த ஈரநிலத்துக்குள் ஆமை முட்டையிடும் காலத்தில் எங்களையே விடக்கூடாது என்றும் நாங்களே எழுந்து சொல்ல வேண்டும். அப்போதுதான் எங்களை விருந்துண்ண வந்தவர்களாகப் பார்க்கும் பார்வை மாறும்.

இப்போது அந்த இளையோருக்கு உங்களுடைய நிர்வாகசபைகளில் இடமில்லை. இளைஞர் அணி என்ற பெயரில் கிரிக்கெட் போட்டி நடத்தவும் கலைவிழாவில் நடனம் ஏற்பாடு செய்யவும் அவர்களைக் கூப்பிடுகிறோம். தீர்மானம் எடுக்கும் மேசைக்குக் கூப்பிடுவதில்லை. “சங்கத்துக்கு இளையவர்கள் வருகிறார்களில்லை” என்று ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் தலைவர்மார் கவலைப்படுவதைக் கேட்கிறேன். அவர்கள் ஆற்றங்கரையில் நிற்கிறார்கள். போய்க் கூப்பிடுங்கள். சுற்றாடல் பொறுப்பாளர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, முப்பது வயதுக்குட்பட்ட ஒருவரிடம், வாக்குரிமையோடும் சிறிய வரவுசெலவோடும் கொடுங்கள்.

மாரி காலத்தில் உங்களுடைய வருடாந்தப் பொதுக்கூட்டங்கள் வரும். கோடைக்கான பேர்மிட் விண்ணப்பங்களும் அப்போதுதான். நிகழ்ச்சி நிரலில், வரவுசெலவு அறிக்கைக்கும் தேநீருக்கும் இடையில், அரை மணித்தியாலத்தை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அவர்கள் வரைபடத்தோடும் தடக் குறிப்புகளோடும் வருவார்கள். கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் அறிவியுங்கள், கூட்டிக்கொண்டு வருவது என்னுடைய பொறுப்பு.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
ரூஜ் பள்ளத்தாக்கில் இளையோரோடு நடக்கும் ஒரு ஸ்காபரோவாசி